மூச்சுக்கு எண் போடக் கற்ற 36 வகுப்புகள்: இதயச் செயலிழப்பு உடற்பயிற்சித் திட்டம் பற்றி என் மதிப்பீடு

இதை ஏழு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். 36-ஆவது வகுப்பு முடிந்த அன்று உட்கார்ந்து எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். சோம்பலில் தள்ளிப்போட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இந்தத் திட்டத்தில் எது கெட்டி, எது ஓட்டை என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றைக்குக் கேட்டால் மூன்றரை. ஒன்றரை எதற்குக் குறைந்தது என்று பின்னால் வருகிறேன். ஆனால் போகலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இதற்கு மேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை: உங்கள் டாக்டர் சரி என்றால் போங்கள்.

என் கதை சுருக்கமாக. வயது 58. அடைப்பு எதுவும் இல்லை, இதயத் தசை விரிந்துபோனதால் வந்த இதயச் செயலிழப்பு. எக்கோவில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 28 சதவீதம். இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. செயலிழப்பு என்றால் நின்றுபோனது என்றுதான் யாருக்கும் தோன்றும், நிஜத்தில் இதயம் அடிக்கிறது, உடம்பு கேட்கும் அளவுக்கு ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். நான்கு வகை மாத்திரை, அதற்கு மேல் நீர் மாத்திரை. கால் வீக்கம் வடிந்தது, படுத்தால் மூச்சு முட்டுவது நின்றது. ஆனால் குளித்துவிட்டுத் தலை துவட்டி முடிப்பதற்குள் ஒரு முறை உட்கார வேண்டும். மாடிப்படியில் பாதியில் நின்று, யாராவது பார்த்தால் கைப்பேசியில் ஏதோ அவசரமாகப் படிப்பதுபோல் நடிப்பேன். இந்த நடிப்பில் எனக்கு ஒரு வருட அனுபவம்.

இந்த நிலையில் இருந்த என்னிடம் டாக்டர், "பயிற்சி வகுப்புக்கு எழுதித் தரேன், வாரம் 3 நாள் போங்க" என்றார். வேறு யாருடைய சீட்டையோ எனக்குக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் என் கணவர், "நடந்தாலே மூச்சு வாங்குது, உன்னை ஓட விடப் போறாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இந்த நோய்க்கு டாக்டர்களே படுத்து ஓய்வெடுக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திட்டம் 12 வாரம், வாரம் 3 வகுப்பு, ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். மருத்துவமனையின் ஒரு கூடத்தில் நான்கு ட்ரெட்மில், ஐந்து சைக்கிள், கொஞ்சம் டம்பெல், ரப்பர் பட்டைகள், மூலையில் அவசரத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி. இரண்டு பிசியோ, ஒரு நர்ஸ், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஒரு டாக்டர். எங்கள் குழுவில் ஒன்பது பேர்.

முதல் நாள் பயிற்சியே கிடையாது. மாத்திரைப் பட்டியலை வரி வரியாகப் படித்தார்கள், ஈசிஜி, பிபி, கணுக்காலை அழுத்திப் பார்த்தார்கள், கடைசியாக எப்போது மருந்து அளவு மாறியது என்று கேட்டார்கள். நோய் கட்டுக்குள் இல்லாதவர்களை, தீவிர வால்வு சுருக்கம் உள்ளவர்களை, இதயத் துடிப்புத் தாளம் தறிகெட்டு ஓடுபவர்களை இவர்கள் சேர்ப்பதில்லை, முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுகிறார்கள். சேர வந்த ஒருவரை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு வருத்தம். எனக்கு அப்போதுதான் இந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

அப்புறம் ஆறு நிமிட நடை. 30 மீட்டர் நீள நடைபாதை, இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு, பக்கத்தில் ஒரு நாற்காலி. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு நடக்க வேண்டும், நிற்கலாம், சுவரில் சாயலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. கூட நின்ற பெண் ஒவ்வொரு நிமிடமும் ஒரே குரலில், "நல்லா செய்யறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று மட்டும் சொன்னார். மனுஷியா, பதிவு செய்த குரலா என்று எரிச்சலாக வந்தது. பிறகு தெரிந்தது, அது விதியாம். ஒருவரை உற்சாகப்படுத்தி, இன்னொருவரை விட்டுவிட்டால் தூரம் மாறிவிடும், பின்னால் ஒப்பிட முடியாது, அதனால் சொல்லும் வார்த்தையைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். என் கணக்கு 264 மீட்டர். நடுவில் ஒரு தரம் சுவரைப் பிடித்தேன், அந்த ஒரு தரமும் கைப்பேசி கையில் இல்லாததால் நடிக்க முடியவில்லை.

சரி, இந்தத் திட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் ட்ரெட்மில்லைக் காட்ட மாட்டேன். சுவரில் ஒட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டுவேன். பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம், ஒரு மூலை பிய்ந்து சுருண்டிருக்கும். அதில் 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. நடுவில் 11 இலேசு, 13 சற்றுக் கடினம், 15 கடினம். இது போர்க் அளவுகோல், ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கியது. ஏன் 1-இல் ஆரம்பிக்காமல் 6-இல் ஆரம்பிக்கிறது என்று முதல் வாரமே கேட்டேன். ஆரோக்கியமான ஆளுக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அப்போதைய நாடித் துடிப்பு வரும்படி அமைத்தார்களாம்.

எங்களுக்கு அந்தப் பெருக்கல் செல்லாது, ஏனென்றால் நாங்கள் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறோம். அந்த மாத்திரையின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. 220-இலிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதம் என்று ஜிம்மில் சொல்லும் கணக்கை என்னிடம் போட்டிருந்தால், அந்தத் துடிப்பை எட்டுவதற்குள் நான் தரையில் விழுந்திருப்பேன். அதனால் இங்கே உன் மூச்சு எப்படி இருக்கிறது என்று நீயே சொல்லும் எண்ணுக்குத்தான் மரியாதை. எங்களுக்கு விதித்த எல்லை 11 முதல் 13. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை என்று அர்த்தம்.

கேட்க எளிது. முதல் சில வகுப்புகளில் நான் பொய்தான் சொன்னேன். எத்தனை என்று கேட்டால் 9 என்பேன். தைரியசாலிபோல் காட்டிக்கொள்ளும் ஆசைதான், ஒரு வருடம் படிக்கட்டில் நடித்த பழக்கம் வேறு. மூன்றாவது வகுப்போ நான்காவதோ, பிசியோ தம்பி ட்ரெட்மில் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நேத்து என்ன செஞ்சீங்க, ரெண்டு வரி சொல்லுங்க" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வார்த்தையில் மூச்சு அறுந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் வேகத்தை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, "இப்ப எத்தனைம்மா?" என்றார். "பதினஞ்சு" என்றேன். "இப்பதான் உண்மையைச் சொன்னீங்க" என்று சிரித்தார்.

அன்றைக்குப் பிறகு ஒரு விஷயம் மெதுவாக மாறியது. அதுவரை எனக்கு மூச்சு வாங்குவது என்றால் இரண்டே நிலைதான்: இல்லை, அல்லது செத்துப்போகப் போகிறேன். இப்போது நடுவில் படிகள் இருந்தன. 13-இல் வாங்குகிற மூச்சு ஆபத்தில்லை, நின்றால் ஒரு நிமிடத்தில் அடங்கும், அதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். 15 வந்தால் குறைக்க வேண்டும். படபடப்பு, நெஞ்சு அழுத்தம், தலைச் சுற்றல் வந்தால் எண் எதுவானாலும் நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். காலில் வந்த பலத்தைவிட எனக்கு இதுதான் பெரிய லாபம்.

வகுப்பு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். போனவுடன் எடை, பிபி, துடிப்பு. பத்து நிமிடம் உடம்பைச் சூடுபடுத்தும் மெதுவான நடை. அப்புறம் ட்ரெட்மில்லோ சைக்கிளோ. முதல் வாரம் நான் 2 நிமிடம் நடந்து 1 நிமிடம் நின்றேன், இப்படி ஆறு சுற்று. வாரா வாரம் நிற்பதைக் குறைத்து நடப்பதைக் கூட்டி, ஒன்பதாவது வாரத்தில் 30 நிமிடம் ஒரே மூச்சாக. (ஒரே மூச்சாக என்ற சொல் எங்கள் குழுவில் பெரிய நகைச்சுவை.) நான்காவது வாரத்திலிருந்து ரப்பர் பட்டை, 1 கிலோ டம்பெல், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் பிபி சட்டென்று தாறுமாறாகும். அதற்கு அந்தத் தம்பி வைத்த வழி எனக்குப் பிடித்தது: ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்வார். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாதே. ஒன்பது பேர் சேர்ந்து எண்ணும்போது ஒன்றாம் வகுப்புபோல இருக்கும்.

கடைசிப் பத்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. இதை நான் ஒரு நாள் அலட்சியம் செய்தேன். நேரமாகிவிட்டது என்று ட்ரெட்மில்லிலிருந்து சட்டென்று இறங்கினேன், இரண்டு எட்டு வைத்ததும் கூடம் சாய்ந்தது. எங்கள் மாத்திரைகளில் சில ரத்தக் குழாயைத் தளர்த்துபவை. நடக்கும்போது கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது, சட்டென்று நின்றால் அது காலிலேயே தேங்கி, பிபி இறங்கிவிடுகிறது. நர்ஸ் அக்கா பிடித்து உட்கார வைத்து, காலைத் தூக்கி வைத்து, எதுவும் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

ஏழாவது வாரம் ஒரு சம்பவம். திங்கட்கிழமை என் எடை 61.2 கிலோ. புதன்கிழமை 63.6. நான் நன்றாகத்தான் உணர்ந்தேன், கால் கொஞ்சம் கனம், செருப்பு வார் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது, அவ்வளவே. பிசியோ என்னை ட்ரெட்மில்லில் ஏறவே விடவில்லை. இரண்டு நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், வெளியே ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார், ஒரு பத்து நிமிடமாவது நடக்கவிடுங்கள் என்று வாதாடினேன். நேராக டாக்டரிடம் அழைத்துப் போனார்கள், நீர் மாத்திரை அளவைக் கூட்டினார்கள், ஒரு வாரம் வகுப்பு இல்லை. வழக்கமாக இப்படி ஏறினால் நான் அடுத்த வாரம் மூச்சு முட்டி அட்மிட் ஆவேன், முந்தைய வருடம் இரண்டு முறை அப்படித்தான் ஆனது. இந்த முறை ஆகவில்லை. வகுப்பைக் கொடுக்காத அந்த ஒரு நாளுக்காகவே ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம். இன்றைக்கும் காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, ஒன்றும் சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவைக்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு சாருக்கு நெஞ்சில் ஐசிடி கருவி. துடிப்பு அபாயமாகப் போனால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் பெட்டி. அவர் ஒரு முறை ஷாக் வாங்கியவர், குதிரை உதைத்ததுபோல் இருந்தது என்பார், அதற்குப் பிறகு வேகமாக நடக்கவே பயந்து ஒரு வருடம் வீட்டோடு இருந்திருக்கிறார். முதல் வகுப்புக்கு முன்பே அவருடைய கருவியின் அட்டையைக் கேட்டு வாங்கி, எத்தனை துடிப்பில் அது விழித்துக்கொள்ளும் என்று குறித்து, அதற்கு 20 துடிப்பு கீழே அவருக்குக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனிதர் எங்களில் யாரையும்விட வேகமாக நடந்தார். உங்களுக்கு இந்தக் கருவி இருந்து, சேரும் இடத்தில் அந்த எண்ணைக் கேட்கவில்லை என்றால், நீங்களே கேளுங்கள். அவர்களுக்குத் தெரியவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி: பம்பிங் ஏறியதா? 28 இருந்தது 30 ஆனது. டாக்டர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, எக்கோ பார்ப்பவர் மாறினாலே இவ்வளவு மாறும் என்றார். இதில் ஏமாற்றம் அடையாதீர்கள், ஏனென்றால் பம்பிங் சதவீதத்துக்கும் ஒருவர் எவ்வளவு நடக்க முடியும் என்பதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. 25-ஐ வைத்துக்கொண்டு மாடி ஏறுபவர் உண்டு, 35-ஐ வைத்துக்கொண்டு முடியாதவர் உண்டு. நீண்ட நாள் ரத்தம் குறைவாகப் போனதாலும் ஓய்வெடுத்தே பழகியதாலும் கால் தசை இளைத்து, உள்ளே சக்தி உண்டாக்கும் பகுதிகள் குறைந்து, ரத்தக் குழாய்கள் விரியும் திறனும் குறைந்துபோகிறது. பயிற்சி திருத்துவது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான். 1988-இலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பம்பிங் மிகக் குறைந்த நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, அவர்களால் முன்பைவிடக் கூடுதலாக உழைக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். முன்னேற்றத்தில் கணிசமான பங்கு காலில் நடந்திருந்தது. எனக்கும் அதுதான். கடைசி வாரம் ஆறு நிமிட நடை 338 மீட்டர், அதாவது 74 மீட்டர் கூடுதல். 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். தெரிந்தது. தலை துவட்டும்போது உட்காரவில்லை.

பாராட்டு இத்துடன் போதும்.

திட்டத்தின் விளம்பரத் தாளில் ஆயுளைக் கூட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த விஷயத்தில் நடந்த மிகப் பெரிய ஆய்வு ஹெச்எஃப்-ஆக்‌ஷன், 2009-இல் வெளியானது, அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் மூன்று நாட்டிலுமாக 2,331 பேர், பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே. பயிற்சி எடுத்தவர்களில் 65 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 68 சதவீதம் பேரும் இறந்தார்கள் அல்லது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நேராகப் பார்த்தால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்தபோதுதான் ஓரளவு நன்மை தெளிந்தது. பயிற்சியால் ஆபத்து கூடவில்லை, வாழ்க்கைத் தரம் சற்று உயர்ந்தது, அது உறுதி. பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது என்கிறார்கள். எனக்கு அதுவே போதும், இரண்டு அட்மிஷன் மிச்சம் என்றால் சும்மாவா. பிறகு எதற்கு ஆயுளை வைத்து விளம்பரம்?

இன்னொன்று, அதிவேக இடைவெளிப் பயிற்சி என்று ஒரு தனிப் பிரிவு வைத்துக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி. 2007-இல் நார்வேயில் 27 பேரை வைத்து நடந்த சின்ன ஆய்வில் அமோகப் பலன் வந்ததால் பரவிய மோகம் இது. அப்புறம் 2017-இல் 261 பேரோடு ஸ்மார்ட்எக்ஸ் என்ற பெரிய ஆய்வு வந்தபோது, சாதாரண மிதமான பயிற்சியைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. கடுமையாகச் செய்யச் சொன்னவர்களில் பாதிப் பேர் சொன்ன வேகத்துக்குக் கீழேயே ஓட்டியிருக்கிறார்கள். பிடித்திருந்தால் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க ஒன்றுமில்லை.

பெண்கள் கவனிக்க: ஈசிஜி பட்டைகளை நெஞ்சில் ஒட்டும் இடத்தில் முதல் வாரம் திரையே இல்லை. ஒன்பது பேரில் பெண்கள் நானும் இன்னொருவரும்தான், அவர் இரண்டாவது வகுப்போடு நின்றுவிட்டார், காரணம் இதுவாக இருக்கலாம் என்று என் ஊகம். நான் சத்தம் போட்ட பிறகு ஒரு மடக்குத் திரை வந்தது. இந்த வகுப்புகளுக்குப் பெண்களை டாக்டர்கள் எழுதி அனுப்புவதே குறைவு என்பது பல நாட்டிலும் பார்த்த விஷயம், வந்தவர்களையும் இப்படி ஓட்டினால் எப்படி?

நேரமும் ஒரு தொல்லை. காலை வகுப்பு சரியாக நீர் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில். கழிப்பறை நடைபாதையின் மறு முனையில். என் ஆறு நிமிட நடை முன்னேறியதில் அந்தக் கழிப்பறைக்கும் பங்கு உண்டு. டாக்டரிடம் கேட்டு மாத்திரையை வகுப்பு முடிந்த பிறகு என்று மாற்றிக்கொண்டேன், நீங்களாக மாற்றாதீர்கள்.

குழுவில் 74 வயதான ஒரு ஐயா, அட்மிஷனிலிருந்து நேராக வந்தவர். அவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சிதான் கொடுத்தார்கள். அவருக்கு மூச்சைவிட நிற்பதுதான் பிரச்சினை, திரும்பினால் தள்ளாடுவார். 2021-இல் வந்த ரிஹாப்-ஹெச்எஃப் ஆய்வில் இப்படிப்பட்ட 349 முதியவர்களுக்கு நடை, சமநிலை, பலம், தாக்குப்பிடிக்கும் திறன் என்று நான்கையும் அவரவருக்கு ஏற்றபடி ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிக் கொடுத்திருக்கிறார்கள், உடல் இயக்கம் நன்றாக மேம்பட்டிருக்கிறது. எங்கள் திட்டத்தில் சமநிலைப் பயிற்சி என்று ஒரு பெயருக்குக்கூட இல்லை. ஐயா ஐந்தாவது வாரம் வீட்டில் விழுந்தார், அப்புறம் வரவில்லை.

இனி அந்த ஒன்றரை நட்சத்திரம். 36-ஆவது வகுப்பு முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், படம் எடுத்தோம். சான்றிதழின் பின்பக்கம் இரண்டு வரி: "தினமும் நடைப்பயிற்சியைத் தொடரவும். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரை அணுகவும்." முடிந்தது. எவ்வளவு நேரம், எந்த எண்ணில், மழை பெய்தால் என்ன, காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது, ஒன்றும் இல்லை. கூப்பிட ஒரு எண் கிடையாது. இரண்டு மாதம் கழித்து வா பார்க்கிறோம் என்றுகூட இல்லை.

முதல் வாரம் ஐந்து நாள் நடந்தேன். இரண்டாவது வாரம் மூன்று. ஐந்தாவது வாரம் பூஜ்யம். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் எண் கேட்க ஆள் இல்லாதபோது பழைய பயம் மெதுவாகத் திரும்பி வந்தது, 12-இல் வாங்கும் மூச்சே 16 மாதிரி தெரிந்தது. இது என் ஒருத்தியின் கதை இல்லை. மேலே சொன்ன ஹெச்எஃப்-ஆக்‌ஷனில் 36 வகுப்புக்குப் பிறகு வீட்டில் செய்ய ட்ரெட்மில்லோ சைக்கிளோ கொடுத்தே அனுப்பினார்கள், துடிப்பு பார்க்கும் கருவியும் சேர்த்து. வாரம் 5 நாள், 40 நிமிடம் என்பது இலக்கு. நான்கு முதல் ஆறு மாதத்தில் வாரத்துக்கு 95 நிமிடம் செய்தவர்கள் வருடக் கடைசியில் 74 நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். இயந்திரத்தை வீட்டுக்கே கொடுத்தும் இப்படி. 36-க்குப் பிறகு என்ன ஆகும் என்பது 2009-லிருந்து ஊரறிந்த விஷயமாக இருக்க, இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் ரீச்-ஹெச்எஃப் என்று ஒன்று, நோயாளிக்கும் வீட்டில் கவனித்துக்கொள்பவருக்கும் சேர்த்தே கையேடு, நாற்காலிப் பயிற்சி, நடைத் திட்டம் எல்லாம் கொடுத்து, ஒரு நர்ஸோ பிசியோவோ நேரிலும் தொலைபேசியிலும் பேசிப் பேசி நடத்துவது. 216 பேரிடம் சோதித்ததில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. எங்கள் இடத்தில் கடைசி ஆறு வகுப்பையாவது வீட்டில் செய்ய வைத்து, வாரம் ஒரு போன் போட்டிருந்தால் போதும். செலவு என்று பார்த்தால் சான்றிதழ் அச்சடித்த காசுகூட ஆகாது. இதை எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

ஆகவே சேரப் போகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது, 37-ஆவது நாள் எனக்கு யார் பொறுப்பு என்பதுதான். மழுப்பினால், 25-ஆவது வகுப்பிலிருந்தே நீங்களாக வீட்டில் வாரம் இரண்டு நாள் சேர்த்துச் செய்யத் தொடங்கி, என்ன எண் வந்தது என்று எழுதி, அடுத்த வகுப்பில் பிசியோவிடம் காட்டிவிடுங்கள். அந்தச் சுவர்ப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, கூட இருந்த ஐசிடி சாரிடம் பிறகு கேட்டு வாங்கினேன்.

மூன்றாவது மாதம் மறுபடி தொடங்கினேன், 2 நிமிடம் நடை, 1 நிமிடம் நிற்பது என்று முதல் வாரத்திலிருந்தே. இப்போது 25 நிமிடத்தில் இருக்கிறேன். போன வாரம், ஆறு நிமிட நடையை ஒரு முறை எடுத்துப் பார்க்கலாமா என்று அங்கே கேட்டேன். திட்டம் முடிந்தவர்களுக்கு அப்படி வசதி இல்லையாம். சரி என்று வீட்டு வராந்தாவில் 15 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டோம். என் கணவர் ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் காகிதம். இடையில் வேறு எதுவும் பேசக் கூடாது, இந்த வரியை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டார், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல்: "நல்லா செய்யறீங்க, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு." எனக்குச் சிரிப்பில் இரண்டு எட்டு போயிற்று. 21 முறை முழுசாக, அதற்கு மேல் 7 மீட்டர். 322. பாதை சின்னது, திரும்புவதிலேயே கொஞ்சம் தூரம் போய்விடும் என்பதால் அந்த 16 மீட்டரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முடிந்ததும் அவராகவே கேட்டார், எத்தனை என்று. 13 என்றேன், அது உண்மையான 13.